பழைய குறிப்பேடும் ஒரு சிவப்பு அட்டையும்: மாவட்டக் கால்பந்து நடுவர்களின் படிப்புமுறை பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் தென் மாவட்டம் ஒன்றில் 2024 ஆகஸ்டில் பள்ளி அணிகளுக்கான கால்பந்துப் போட்டி நடந்தது. அதன் அரையிறுதியில் ஒரு நடுவர் காட்டிய சிவப்பு அட்டை, இந்த மாவட்டத்தில் நடுவர்கள் எதைப் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று எங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அன்று தொடங்கி அடுத்த ஆண்டு பருவம் வரை நடந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அந்த ஆட்டத்துக்கு நான் நடுவர்களை மதிப்பிடுகிறவராகப் போயிருந்தேன். பிறகு படிப்புமுறையை மாற்றி அமைத்த சிறு குழுவிலும் இருந்தேன். ஆட்களின் பெயரும் ஊர், பள்ளி விவரங்களும் இதில் இல்லை. வேறு மாவட்டங்களில் நடுவர் பயிற்சி நடத்துகிறவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பின்னணி

இங்கே பந்தாட்டத்துக்குப் பஞ்சமில்லை. கடலோர ஊர்களில் திருவிழா என்றால் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி உண்டு. பள்ளி, கல்லூரி, கிளப் அளவில் பதினொருவர் ஆட்டங்களும் நிறைய. நடுவர்கள்தான் போதாது. இருப்பவர்களும் முன்னாள் வீரர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று வேறு வேலையோடு விசிலையும் சேர்த்துப் பிடித்தவர்கள். 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்ற கோமளீஸ்வரன் சங்கர் தமிழ்நாட்டுக்காரர். ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்ற ரூபா தேவி திண்டுக்கல்காரர். ஆகவே இங்கே திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் திறமை வளர என்ன கையில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் மாவட்டத்தில் புதிதாக வருகிறவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு ஜெராக்ஸ் குறிப்பேடு. மூத்த நடுவர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பு தன் கையெழுத்தில், கேள்வியும் பதிலுமாக, தமிழில் எழுதியது. எழுத்துத் தேர்வுக்குப் படிக்க இதைவிட எளிதான ஒன்று கிடையாது என்பதால் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கிப் போகும் அளவுக்குக் கைமாறிக் கொண்டிருந்தது.

விதிகளின் மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1886-இல் தொடங்கப்பட்ட ஐஃபாப் என்ற அமைப்புதான் கால்பந்தின் 17 விதிகளையும் வகுக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்குத் தலா ஒரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு. எட்டில் ஆறு கிடைத்தால்தான் ஒரு விதி மாறும். வழக்கமாக பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ கூடி முடிவெடுக்கிறார்கள், ஜூலை 1 முதல் புதிய பதிப்பு அமலுக்கு வருகிறது. புத்தகத்தை அவர்களுடைய இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், கைபேசிச் செயலியும் இருக்கிறது. அதாவது, மூலப் புத்தகம் யாருக்கும் கைக்கெட்டாத பொருள் அல்ல. ஆனால் அது ஆங்கிலத்தில், சட்டப் புத்தக நடையில் இருக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்க உட்காருகிறவர் இரண்டாவது பக்கத்திலேயே குறிப்பேட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

அந்த ஆட்டம்

17 வயதுக்கு உட்பட்டோர் அரையிறுதி. இரண்டாம் பாதியின் நடுப்பகுதி, 1-1. நடு நடுவர், அதாவது விசில் பிடித்து ஆட்டத்தை நடத்தும் முதன்மை நடுவர், இருபத்தாறு வயது இளைஞர், கல்லூரி அணியில் ஆடியவர், நல்ல ஓட்டக்காரர். அன்று அதுவரை ஆட்டத்தை அழகாகக் கொண்டுபோயிருந்தார்.

வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்த முன்கள வீரர் பெனால்டி பகுதிக்குள் பந்தோடு நுழைந்தார். எதிரே கோல்கீப்பர் மட்டும். பின்னால் துரத்தி வந்த தடுப்பாட்டக்காரர் பந்தை எடுக்கத்தான் சறுக்கினார். கால் பந்தில் படாமல் ஆளின் காலில் பட்டது, முன்கள வீரர் விழுந்தார். நடுவர் சம்பவத்துக்கு மிக அருகே இருந்தார். தயங்காமல் விசில் அடித்தார், பெனால்டி புள்ளியைக் காட்டினார். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார்.

பெனால்டி கோலானது. பத்துப் பேரோடு ஆடிய அணி 3-1 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியின் பயிற்சியாளர் சத்தம் எதுவும் போடாமல் கைபேசியில் விதிப் புத்தகத்தைத் திறந்துகொண்டு நடுவர் அறைக்கு வந்தார். “தம்பி, இத ஒரு தடவ படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

அவர் காட்டிய பத்தி லா 12-இல், அதாவது ஃபவுல்களையும் அட்டைகளையும் பற்றிய 12-ஆம் விதியில், இருக்கிறது. தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுக்கும் குற்றத்துக்கு, நடுவர்கள் பேச்சில் ‘டாக்சோ’வுக்கு, பொதுவாகச் சிவப்பு அட்டைதான். ஆனால் அந்தக் குற்றம் தடுப்பவரின் சொந்தப் பெனால்டி பகுதிக்குள் நடந்து, பெனால்டி கொடுக்கப்பட்டு, அவர் பந்தை விளையாட முயன்றதால் அல்லது பந்துக்காகப் போட்டியிட்டதால் ஃபவுல் ஆகியிருந்தால் மஞ்சள் அட்டை போதும். பிடித்து இழுத்தாலோ, தள்ளினாலோ, பந்தை எடுக்கவே வாய்ப்பில்லாத இடத்திலிருந்து காலை விட்டாலோ சிவப்புதான். இந்த வேறுபாடு 2016-இல் வந்தது. அதற்கு முன்பு பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத் தடை என்று ஒரே ஃபவுலுக்கு மூன்று தண்டனை விழுந்துகொண்டிருந்தது. அது மிகை என்று நீண்ட காலம் பேசப்பட்ட பிறகே மாற்றினார்கள்.

எங்கள் நடுவர் 2024-இல் 2016-க்கு முந்தைய விதியின்படி ஒரு பையனை வெளியே அனுப்பியிருக்கிறார்.

பயிற்சியாளர் எழுத்தில் முறையிட்டார். போட்டியின் விதிமுறைப்படி முடிவு மாறாது என்று போட்டிக் குழு சொன்னது. ஆனால் அந்தப் பையனுக்கு அடுத்த ஆட்டத் தடை விதிக்கவில்லை, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவன் ஆடினான். நடுவர் அன்றிரவே “இனிமே நான் விசில் பிடிக்கலண்ணா” என்று குழுவில் குரல் செய்தி அனுப்பினார்.

கவனித்தவை

ஒரு நடுவரைத் தண்டித்துவிட்டு விஷயத்தை முடிப்பது சுலபம். அவரோடு உட்கார்ந்து, இதுவரை என்னென்ன படித்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னோம். அவர் சோம்பேறி இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்களைவிட அதிகமாகவே படித்திருந்தார்.

முதலில் குறிப்பேடு. அதைத் தற்போதைய புத்தகத்தோடு வைத்துப் பார்த்தபோது டாக்சோ ஒன்று மட்டும் பிரச்சினையாக இல்லை. டாஸ் போடுவதிலிருந்தே பழசு. டாஸ் வென்றவர் எந்தப் பக்கக் கோல் என்று மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று அதில் இருந்தது. 2019-லிருந்து அவர் தொடக்க உதையையும் கேட்டு வாங்கலாம். தொடக்க உதையில் பந்து முன்னோக்கித்தான் போக வேண்டும் என்று இருந்தது. 2016-லிருந்து எந்தத் திசையிலும் உதைக்கலாம். கோல் கிக்கில் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு என்று இருந்தது. 2019-லிருந்து உதைத்துத் தெளிவாக நகர்ந்தாலே போதும். நின்றுபோன ஆட்டத்தைத் தொடங்க நடுவர் கீழே விடும் டிராப் பாலை இரண்டு அணி ஆட்களுக்கும் நடுவே போடுவது, மாற்று வீரருக்காக வெளியேறுகிறவர் நடுக்கோடு வரை நடந்து வந்து வெளியேறுவது, பயிற்சியாளருக்கு அட்டை காட்ட முடியாது என்பது எல்லாமே 2019-க்கு முந்தியவை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குறிப்பேட்டில் எழுதிய நாளில் தவறாக இருந்தது எதுவும் இல்லை. கார்னரின்போது எங்கே நிற்பது, மூலைவிட்டமாக ஓடி உதவி நடுவரைக் கண்பார்வையில் வைத்துக்கொள்வது எப்படி, கோபமாக வரும் கேப்டனிடம் எத்தனை அடி தள்ளி நின்று பேசுவது என்பவை இன்றைக்கும் அதைவிட நன்றாக எழுதப்பட்டு நான் படித்ததில்லை. குறை ஒன்றுதான்: எந்த ஆண்டு விதிகளை வைத்து எழுதியது என்று எங்கேயும் போடவில்லை.

இரண்டாவது, யூடியூப் காட்சிகள். இவர் இரவில் மணிக்கணக்காகப் பார்த்தது ஐரோப்பிய ஆட்டங்களின் சர்ச்சைக் காட்சிகள். அவற்றில் வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்வது “கடைசித் தடுப்பாட்டக்காரர், அதனால் சிவப்பு” என்பது. விதிப் புத்தகத்தில் கடைசித் தடுப்பாட்டக்காரர் என்று ஒரு அளவுகோலே கிடையாது. நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: குற்றம் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் உள்ள தூரம், ஆட்டம் போய்க்கொண்டிருந்த திசை, பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அல்லது பெறும் வாய்ப்பு, தடுப்பவர்கள் எத்தனை பேர், எங்கே. பக்கவாட்டில் ஒருவர் நெருங்கி ஓடி வந்தால், ஃபவுல் செய்தவர் கடைசி ஆளாக இருந்தாலும் சிவப்பு ஆகாமல் போகலாம். இரண்டு பேர் இருந்தும் அவர்களால் எட்ட முடியாது என்றால் சிவப்பு ஆகலாம்.

அந்தக் காட்சிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலானவை மெதுவாக ஓட்டிக் காட்டுவன. மெதுவாகப் பார்த்தால் சாதாரண உரசல்கூட வேண்டுமென்றே மிதித்தது போலத் தெரியும். காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் முறையின் நெறிமுறையே, மோதல் நடந்த இடம் போன்ற உண்மைகளைப் பார்க்கத்தான் மெதுவோட்டம், வேகத்தையும் கடுமையையும் எடைபோட இயல்பான வேகம் என்று பிரித்து வைத்திருக்கிறது. மண் மைதானத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் முழு வேகத்தில் பார்க்கிற நடுவருக்கு மெதுவோட்டத்தில் பழகிய கண் உதவாது.

மூன்றாவது, விதிப் புத்தகமே அவருடைய கைபேசியில் இருந்தது. லா 12-இன் தொடக்கத்தில் வரும் கவனக்குறைவு, அசட்டைத் துணிச்சல், மிகையான பலப்பிரயோகம் என்ற மூன்று படிகளையும் அடிக்கோடிட்டுப் படித்திருந்தார். அட்டைக் குற்றங்களின் பகுதி பல பக்கங்கள் தள்ளி வருகிறது. அதுவரை போகவில்லை. பதில் ஏற்கெனவே குறிப்பேட்டில் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

நான்காவதாகத் தெரிந்தது நாங்கள் எதிர்பார்க்காதது. அன்று கோடு பிடித்த உதவி நடுவர்களில் ஒருவர் உடற்கல்வி படிக்கும் மாணவி. அவருக்குச் சரியான விதி தெரிந்திருந்தது. “மஞ்சள்தானேன்னு தோணுச்சு. ஆனா அண்ணாதான் சீனியர், பக்கத்துல நின்னு பாத்தாங்க, நான் எப்படிச் சொல்றது?” என்றார். ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன் நடுவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று லா 5 இடம் கொடுக்கிறது. பெனால்டி எடுக்கும் முன் தாராளமாக நேரம் இருந்தது. அந்த நேரத்தில் பேசலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆட்டத்துக்கு முந்தைய பேச்சிலும் அது வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

நடுவரை விலக்கி வைப்பதில்லை என்பது முதல் முடிவு. சில வாரங்கள் 13 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்களில் கோடு மட்டும் பிடிக்கட்டும் என்று பேசி முடித்தோம். முற்றிலும் நிறுத்தினால் அவர் திரும்பி வரமாட்டார் என்று பயந்தோம். உடனே நடுவில் இறக்கினால் ஒவ்வொரு ஃபவுலிலும் அந்த அட்டைதான் ஞாபகம் வரும். படிப்புமுறையைத் திருத்தும் வேலையிலும் அவரையே சேர்த்துக்கொண்டோம். எந்த இடத்தில் பாடம் தவறிப் போனது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

குறிப்பேட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். அதற்கு நாங்கள் உடன்படவில்லை. எழுதிய மூத்தவரையே அழைத்து, புதிய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, அவர் கையாலேயே பழசான வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கச் சொன்னோம். “முப்பது வருஷமா இதத்தான் சொல்லிக் குடுத்தேன்” என்று முதலில் முகம் வாடினார். ஆனால் சில பக்கங்கள் தாண்டியதும் எங்களைவிட வேகமாக அவரே கண்டுபிடிக்க ஆரம்பித்தார். விதிகள் 1938-இலும் 1997-இலும் 2016-இலும் மொத்தமாகத் திருத்தி எழுதப்பட்டவை. ஒரு மனிதர் நீண்ட காலம் நடுவராக இருந்தால் அவருடைய அறிவில் சில அடுக்குகள் பழசாவது இயல்பு. அதைச் சொல்லும் விதத்தில் மரியாதை இருந்தால் அவரே திருத்திக்கொள்கிறார், மற்றவர்களையும் திருத்துகிறார்.

முழுப் புத்தகத்தையும் தமிழில் மொழிபெயர்க்கலாம் என்ற யோசனை வந்தது. ஆசையான யோசனைதான், வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு ஜூலையிலும் அது பழசாகும். புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் இன்னொரு பழைய குறிப்பேட்டை நாமே உண்டாக்கி விட்டதாக ஆகும். அதற்குப் பதில் ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம் என்று தமிழ்த் தாள்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் எந்தப் பதிப்பு, எந்த விதி, எந்தப் பக்கம் என்று இருக்கும். அடியில், மருந்து அட்டையில் இருப்பது போல, காலாவதி நாள்: 30 ஜூன் 2025. அந்த நாளுக்குப் பிறகு அந்தத் தாளை வைத்து யாரும் சொல்லித் தரக் கூடாது. என்னைக் கேட்டால், இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ள வரி அந்த அடிவரிதான்.

புத்தகத்தைப் படிக்கும் வரிசையையும் மாற்றினோம். லா 1-இல் தொடங்கி மைதானத்தின் நீள அகலத்தில் களைத்துப் போவதுதான் வழக்கம். புத்தகத்தில் அந்த ஆண்டின் மாற்றங்களைப் பழைய வாசகம், புதிய வாசகம், காரணம் என்று தனியாகத் தொகுத்திருக்கிறார்கள். அதை முதலில் படிக்கச் சொன்னோம். காரணத்தோடு படித்த விதி மறப்பதில்லை. அடுத்து லா 11 (ஆஃப்சைடு), 12 (ஃபவுல்), 5 (நடுவர்). அதன்பின் புத்தகத்தின் பின்பகுதியில் நடுவர்களுக்கான நடைமுறை வழிகாட்டுதல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எங்கே நிற்பது, எப்படிச் சைகை காட்டுவது என்பதெல்லாம் அதில் உண்டு. பெரும்பாலானவர்கள் அந்தப் பகுதியைத் திறந்ததே இல்லை.

காட்சிகளை அடியோடு ஒதுக்கவில்லை, பார்க்கும் முறையைத்தான் மாற்றினோம். ஒலியை அணைத்துவிட்டு, இயல்பான வேகத்தில், ஒரே ஒரு தடவை. உடனே காகிதத்தில் மூன்றை எழுத வேண்டும்: ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கும், அட்டை என்ன, எந்த விதிப்படி. எல்லோரும் எழுதிய பிறகுதான் பேச்சு. பேசிய பிறகு வேண்டுமானால் மறுபடி போட்டுப் பார்க்கலாம். எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வாய்ப்பேச்சில் முதலில் பேசுகிற சீனியரின் பதிலே எல்லோருடைய பதிலும் ஆகிவிடுகிறது.

தொலைக்காட்சிக் கேமரா மேலேயிருந்து பார்க்கிறது, நடுவர் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் மாவட்ட ஆட்டங்களையே தரைமட்டத்திலிருந்து கைபேசியில் எடுத்தோம். ஆடுபவர்கள் சிறுவர்கள் என்பதால் பள்ளியிடம் அனுமதி வாங்கி, காட்சிகளைக் குழுவுக்கு வெளியே விடாமல், பருவம் முடிந்ததும் அழித்துவிடுவது என்று விதி வைத்துக்கொண்டோம். அந்தப் பிள்ளைகளின் தவறு எங்கேயாவது வேடிக்கைக் காட்சியாகச் சுற்றுவதை நாங்கள் விரும்பவில்லை.

கடைசியாக, ஆட்டத்துக்கு முந்தைய பேச்சுக்கு ஒரு சிறிய அட்டை. அதில் முதல் வரி: “நான் விதியைத் தவறாகப் பொருத்தினால், ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன் கொடியை உயர்த்தி என்னைக் கூப்பிடுங்கள்.” நடு நடுவர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சீனியர் வாயிலிருந்து வந்தால்தான் ஜூனியருக்குத் தைரியம் வரும்.

தொடர்ந்து நடந்தது

ஆரம்பத்தில் எழுதிய பதில்களைச் சேகரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. முடிவு சரியாக இருக்கும், காரணம் தவறாக இருக்கும். ‘பந்தைத் தொட்டுவிட்டார், அதனால் ஃபவுல் இல்லை’ என்று எழுதியவர்கள் ஏராளம். பந்தைத் தொட்டாலும், அதே சறுக்கலில் ஆளை அசட்டையாக இடித்தால் அது குற்றமே. ஒரு காட்சியில் தற்செயலாகச் சரியான விடை வந்துவிட்டால் தவறான காரணம் மறைந்துகொள்கிறது. அடுத்த ஆட்டத்தில் அது வெளியே வரும். அந்தத் திருத்தத்துக்கே பல வாரம் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆஃப்சைடு தாள் எதிர்பார்த்ததைவிட அதிக விவாதம் கிளப்பியது. தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு வரும் பந்து, வேண்டுமென்று ஆடியதா, சும்மா பட்டுத் திரும்பியதா என்பதுதான் சிக்கல். 2022-இல் ஐஃபாப் இதற்கு விளக்கம் கொடுத்தது: பந்து தூரத்திலிருந்து வந்து அவருக்குத் தெளிவாகத் தெரிந்ததா, வேகம் குறைவா, திசை எதிர்பார்த்ததா, உடலைச் சரிப்படுத்த நேரம் இருந்ததா, தரையில் வந்ததா, காற்றிலா. இதை மாணவிதான் தமிழில் எழுதினார். மைதானத்தில் நின்று, பந்தை எறிந்து எறிந்து காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார். தாளைவிட அந்த எறிதல் பயன்பட்டது.

வாட்ஸாப்பில் நாளுக்கு ஒரு கேள்வி போடும் முயற்சி சரிவரவில்லை. நள்ளிரவில் வாதம் முற்றி, இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, பதில் சொல்ல ஒருவரை மட்டும் பொறுப்பாக்கியதும் அமைதியானது.

சில வாரங்களில் நடுவர் நடுவுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்திலேயே, வேறு ஒரு ஆட்டத்தில், அதே மாதிரி சறுக்கல். பெனால்டி, மஞ்சள். அப்போது வெளியே சிவப்பு கேட்டுக் கூச்சல் போட்டது ஒரு பயிற்சியாளர்தான். இது எங்களுக்கு ஒன்றைக் காட்டியது: பழைய விதி நடுவர்களிடம் மட்டும் இல்லை. அதன் பிறகு தாள்களைப் பயிற்சியாளர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தோம்.

2025 ஜூலை

உண்மையான சோதனை புதிய பதிப்போடு வந்தது. 2025-26 விதிகளில் கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு ஆறு விநாடி, மீறினால் மறைமுக ஃப்ரீ கிக் என்று இருந்தது, அதை அபூர்வமாகவே பயன்படுத்தினார்கள். இப்போது கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். டிராப் பாலிலும் மாற்றம்: பெனால்டி பகுதிக்கு வெளியே ஆட்டம் நின்றால், பந்து யாரிடம் இருந்தது அல்லது யாரிடம் போயிருக்கும் என்பது தெளிவாகத் தெரிந்தால் அந்த அணிக்கே.

ஜூன் 30-ஆம் தேதியோடு எல்லாத் தாள்களும் காலாவதி. யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவைப்படவில்லை, தாளே ஞாபகப்படுத்தியது. ஜூன் மாதத்திலேயே மாற்றங்களைப் படித்து, மாறாத தாள்களில் பதிப்பை மட்டும் திருத்தி, மாறியவற்றைப் புதிதாக எழுதினோம். எட்டு விநாடி எண்ணுவதை மைதானத்தில் பயிற்சி செய்தோம். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கோல்கீப்பர் விழுந்து பிடித்த கணத்தில் அல்ல, பந்தைத் தெளிவாகக் கட்டுப்பாட்டில் கொண்டு, தடையின்றி வெளியே விட முடிகிற நிலைக்கு வந்த பிறகே எண்ண வேண்டும். இதைப் பேசி ஒத்துக்கொண்ட பிறகு நடுவர்களிடையே வித்தியாசம் குறைந்தது.

ஒரு போட்டி ஜூனில் தொடங்கி ஜூலையில் முடிவதாக இருந்தது. ஜூலை 1-க்கு முன் தொடங்கிய போட்டி புதிய விதியை முன்கூட்டியே ஏற்கலாம், அல்லது அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம். இரண்டும் கலந்தால்தான் வம்பு. அமைப்பாளர்களிடம் பேசி, இறுதியாட்டம் வரை பழைய பதிப்பே என்று எழுத்தில் வாங்கி எல்லா அணிகளுக்கும் அனுப்பினோம். போன ஆண்டாக இருந்தால் இப்படி ஒரு கேள்வி எழும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

புதிய விதியோடு நடந்த முதல் ஆட்டங்களில் கார்னர் கொடுக்கும் நிலை அபூர்வமாகவே வந்தது. கை உயர்ந்ததைப் பார்த்ததுமே கோல்கீப்பர்கள் பந்தை விட்டார்கள். பயிற்சியாளர்கள் முன்பே தாளைப் படித்திருந்ததால் கூச்சல் குறைவு.

இந்த ஆய்வின் நாயகரும் அந்த மாணவியும் அடுத்த கட்ட எழுத்துத் தேர்வில் தேறினார்கள். மாணவி இப்போது ஆண்கள் லீக் ஆட்டங்களிலும் நடுவில் நிற்கிறார். குழுவில் இருந்த ஒருவர் வேலைக்காக வளைகுடா போய்விட்டார். இன்னொருவர், நன்றாகப் படித்தவர், கோட்டுக்கு வெளியேயிருந்து வந்த வசவு தாங்காமல் நிறுத்திக்கொண்டார். அவருக்குக் கொடுக்க எங்களிடம் எந்தத் தாளும் இருக்கவில்லை. இது என்னை இன்னும் உறுத்துகிறது.

மறுபடி தொடங்கினால் மாற்ற வேண்டியவை

உதவி நடுவர்களிலிருந்து தொடங்க வேண்டும். நடு நடுவர் எதைப் படித்தார் என்பதிலேயே முதல் மாதங்கள் போயின. மூன்று பேரில் ஒருவருக்குத் தெரிந்தாலே தவறைத் தடுத்திருக்கலாம் என்ற விஷயம் முதல் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டும்.

அட்டைகளுக்கு இவ்வளவு நேரம் கொடுக்க வேண்டியதில்லை. அட்டை விவாதம் சுவாரசியமானது, ஆனால் மாவட்ட ஆட்டங்களில் அதிகம் தவறுவது ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறையில்தான்: த்ரோ-இன்னில் இரண்டு மீட்டர் இடைவெளி, மூன்று பேர் அல்லது அதற்கு மேல் நிற்கும் சுவரிலிருந்து தாக்கும் அணியினர் ஒரு மீட்டர் தள்ளி நிற்பது, பெனால்டியின்போது கோல்கீப்பரின் கால் கோட்டில் இருப்பது. அடுத்த சுற்றில் இவற்றுக்கே முதல் இடம்.

செவன்ஸுக்குத் தனித் தாள் தேவை. பல திருவிழாப் போட்டிகளில் ஆஃப்சைடு பார்ப்பதில்லை, ஆள் மாற்றுவதில் கட்டுப்பாடு இல்லை, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. சனிக்கிழமை அங்கே விசில் பிடித்துவிட்டு ஞாயிறு பதினொருவர் ஆட்டத்துக்கு வரும் நடுவருக்கு, எது எங்கே பொருந்தும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அவரை செவன்ஸுக்குப் போகாதே என்று சொல்வதில் பயனில்லை, கையில் நாலு காசு வருவது அங்கேதான்.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்குத் தாள் மட்டும் போதாது. மூலப் பத்தியை ஒருவர் சத்தமாகப் படித்து, மற்றவர் தமிழில் சொல்லும் சின்ன அமர்வுகள் சிலருக்கு நடத்திப் பார்த்தோம். அவர்கள் பிறகு தாங்களாகவே புத்தகத்தைத் திறந்தார்கள். இதை எல்லோருக்கும் விரிக்க வேண்டும்.

தாள் எழுதும் பொறுப்பு இதுவரை இரண்டு பேரிடம் இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு இடமாற்றம் வரும் போலிருக்கிறது. அதனால் 2026 ஜூன் புதுப்பிப்புக்கு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சீனியர், ஒரு ஜூனியர் என்று ஜோடி போட்டிருக்கிறோம். டாக்சோ தாளுக்கு, குறிப்பேட்டை எழுதிய மூத்தவரும் அந்தச் சிவப்பு அட்டையைக் காட்டிய நடுவரும் பொறுப்பு.